குளிருக்கு முன் ஒரு திருகு

லடாக்கில் அக்டோபர் மாதம் லாரிப் பட்டறைகளுக்குப் போனால் பேட்டரி, கூலன்ட், டயர் என்றுதான் பேச்சு நடக்கிறது. டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பது எடுபிடிப் பையனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. பில்லில் அதற்குத் தனிக் கூலியும் கிடையாது. குளிர்காலத் தயாரிப்பில் முதலில் செய்யவேண்டியது அதுதான், அதையும் கைதேர்ந்தவரே செய்யவேண்டும் என்பது என் கட்சி. பாதி காலியான டேங்கில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் படும்போது காற்றின் ஈரம் உட்சுவரில் வியர்த்து டீசலுக்குள் இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் ஃபில்டரின் அடியில் போய்த் தங்குகிறது. பூஜ்யம் டிகிரியில் அது பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிட்டால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி கிளம்பாது. அதன்பிறகு திருகைத் திறந்தாலும் ஒன்றும் வடியாது. குளிரில் விறைத்த பிளாஸ்டிக் திருகை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்து கையோடு வரும்.

இப்போதுதான் குளிர்கால டீசல் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருப்பது உண்மை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்கில் அறிமுகப்படுத்திய டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காது. ஆனால் அது தீர்ப்பது டீசலிலுள்ள மெழுகு திரளும் தொல்லையை. அதில் தேங்கிய தண்ணீர் வழக்கம்போல் பூஜ்யத்திலேயே உறையும். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கமும் மெழுகுக்குத்தான் மருந்து, போதாததற்கு டீசலின் வழுவழுப்பைக் குறைத்து பம்ப்பையும் தேய்த்துவிடும். இன்னொரு வாதம், டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது. தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறினால்தான் அந்த விளக்கு எரியும். அதற்குக் கீழே கிடப்பது அதன் கண்ணில் படாது. புது ஃபில்டர் போட்டாலும் டேங்கில் தண்ணீர் இருந்தால் ஓரிரு நாளில் பழைய கதைதான்.

ஒரு கண்ணாடி பாட்டில் சொல்வதை இந்த விளக்கால் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினைக் கிளப்பும் முன், திருகை அரைச்சுற்று தளர்த்தி வடித்ததை பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வண்டி ஓடி நின்றதும் வடித்தால் எல்லாம் கலங்கியிருக்கும், எது தண்ணீர் எது டீசல் என்று தெரியாது. அடியில் செம்பழுப்பாகப் படிந்தால் டேங்கில் துரு. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் கறுப்பாகக் கொழகொழத்தால் கிருமி வளர்ந்திருக்கிறது, டேங்கைக் கழுவாமல் விடக்கூடாது. மறுநாளும் அதே அளவு தண்ணீர் வந்தால் டேங்க் மூடியையோ டீசல் அடித்த பங்க்கையோ சந்தேகிக்க வேண்டும். எடுபிடிப் பையன் தரையில் வடித்துவிட்டுப் போனால் இத்தனையும் மண்ணோடு போகிறது. ஒழுகும் டீசல் சட்டென்று ஆவியாகாமல் விரல்களை நனைத்து விறைக்க வைக்கும். தடித்த கையுறை போட்டால் திருகு பிடிபடாது. கடைசியில் ஹேண்ட் பம்ப் கடினமாகும்வரை அழுத்தி, ஏர் எடுத்து, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுத் திருகின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சரியாக அமராத வாஷர் வழியே காற்று இழுத்தால், கிளம்பிய வண்டி சிறிது தூரத்திலேயே நின்றுவிடும்.