பழைய மேசைக்கு வீட்டில் ஓர் இடம்

புதுக்குடித்தனம் வைக்கும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், தவணைக்கு வாங்கி வீட்டை நிரப்பிவிடாதீர்கள். ஒரு மேசையோ ஒரு நாற்காலியோ பழையதாக வாங்குங்கள். பழுது பார்த்து, உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி ஆக்கி உள்ளே கொண்டுவாருங்கள். காசு மிச்சமாகும், அது உண்மை. அதைவிடப் பெரிய ஆதாயம், ஒரு பொருளுக்குப் பொறுப்பேற்பது என்றால் என்ன என்று கற்றுக்கொள்வீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்துபோய், பராமரிக்க ஆளில்லாமல் இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, அலமாரி, மேசை எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. அவற்றில் பர்மாத் தேக்கு நிறைய. அந்த வீடுகளின் சொந்தக்காரர்களான நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலேறி வந்த மரம் அது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்தப் போக்குவரத்து முறிந்தது. 2014-இல் பர்மாவின், அதாவது இன்றைய மியான்மரின், அரசு தேக்கை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதற்கே தடை போட்டுவிட்டது. இனி எளிதில் கிடைக்காத மரத்தில், பெயர் தெரியாத ஓர் ஆசாரி உளி பிடித்துச் செய்த மேசை ஏதோ ஒரு கொட்டகையில் மழையில் நனைந்து கிடக்கிறதென்றால், அந்த நட்டம் நம் எல்லோருக்கும்தான்.

அதற்காகப் பழையதெல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. வாங்கும்போது மேற்பரப்பின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை வெளியே உருவி, அதன் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். பலகையின் ரேகை விளிம்பைத் தாண்டி மறுபக்கமும் தொடர்ந்தால் முழுமரம். குண்டூசித் துளைகள் இருந்தால், ஒரு கறுப்புத் தாளைக் கீழே விரித்துச் சில நாள் விட்டுவையுங்கள். மாவுபோல் புதுத்தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. கால்கள் உளுத்திருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் துணியுங்கள். வேண்டியதைத் தேர்வதைவிட, வேண்டாததை மறுக்கத் தெரிவதுதான் குடித்தனத்தில் கடினமான பாடம்.

எங்கள் வீட்டில் உள்ள எழுத்து மேசை, வாங்கியபோது பச்சை எனாமல் பெயின்ட் பூசியிருந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். அதனால் காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாகப் பறக்கவிடக் கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியபின் தகட்டால் வழித்து எடுக்க வேண்டும். முகமூடியும் கையுறையும் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. பச்சை போனபிறகு 80, 120, 220 என்று உப்புத்தாளின் கரடு குறையக் குறையத் தேய்த்தோம், ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பாலிஷ் போட்டபின் அந்தக் கீறல் இன்னும் எடுப்பாகத் தெரியும். பெயின்ட்டுக்கு அடியில் தேனின் நிறத்தில் தேக்கு வெளிப்பட்டபோது, வேலை பார்த்த ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுநேரம் கையால் தடவிக்கொண்டே இருந்தார். தன் தொழிலில் முன்னால் போனவருக்கு அவர் செலுத்திய மரியாதை அது.

அந்த மேசையில் ஆணியே இல்லை. ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி, இன்னொன்றில் குடைந்த துளைக்குள் இறக்கி, மூங்கில் முளை அடித்து இறுக்கியிருந்தார்கள். ஆடிய காலுக்கு இரும்பு ஆணி அறைந்திருந்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். சில வருடங்களில் துருப்பிடித்து மரத்தையும் பிளந்திருக்கும். ஆசாரி இணைப்பைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கட்டு முதலில், பளபளப்பு கடைசியில். இந்த வரிசை மாறினால் எந்த வேலையும் நிலைக்காது.

இறுகிக்கொண்ட இழுப்பறையைச் சீவச் சொல்லி அவசரப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும். பங்குனி வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் சீவிவிட்டால் கோடையில் லொடலொடக்கும். அதுவரை ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும். எதுவும் உப்பியிருக்கும் நேரத்தில் வெட்டித் தீர்க்க நினைக்கக் கூடாது. கோபத்திலும் துக்கத்திலும் எடுக்கும் முடிவுகளுக்கும் இதுதான் விதி.

இனி, வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுவது. இருட்டான சின்ன வீட்டுக்குக் கறுத்த வார்னிஷை எடுத்தாலே போதும், தேக்கின் இயல்பான நிறம் அறையை வெளிச்சமாக்கும். கைப்பிடியை மாற்றலாம், பழைய துளைக்கே பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள், பழையதைத் துணியில் முடிந்து அதே இழுப்பறையில் போட்டுவையுங்கள். கலப்பு மரமாக இருந்தால் வீட்டின் சுவருக்கு ஏற்ற வண்ணம் பூசுவதில் தவறே இல்லை. காலை அறுப்பதற்கு முன்னால் மட்டும் அளவெடுத்து யோசியுங்கள். சாப்பாட்டு மேசைக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரமும், நாற்காலி இருக்கைக்கு 45 சென்டிமீட்டரும் வசதி. அறுத்த காலை ஒட்டவைக்க முடியாது. திரும்பப் பெற முடிகிற மாற்றங்களைத் தாராளமாகச் செய்யுங்கள், முடியாதவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

ஊரிலிருந்து வயதான பெற்றோரை நகரத்து வீட்டுக்கு அழைத்துவருகிறீர்களே, அங்கும் செய்ய வேண்டியது இதேதான். அவர்கள் பழக்கத்தையெல்லாம் சுரண்டி எடுத்து உங்கள் வீட்டுக்குப் பொருத்தப் பார்க்காதீர்கள். எதில் பலம் இருக்கிறது, எது ஆட்டம் கண்டிருக்கிறது என்று பாருங்கள். ஆடுவதற்கு முட்டுக் கொடுங்கள். பலமுள்ள இடத்தில் வேலை கொடுங்கள். அவர்களுக்காக வீடும் கொஞ்சம் இடம் மாறி உட்காரட்டும்.

இன்னொன்று. பிரம்பு நாற்காலி கிழிந்தால் பிளாஸ்டிக் வயர் போட்டுவிடாதீர்கள். பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் இழுத்துப் பின்னுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்வையற்றோர் பள்ளிகளில் இதைக் கைத்தொழிலாகவே கற்றுக்கொடுத்தார்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை கொடுக்கிறவர் இருந்தால்தான் வேலை தெரிந்தவர் இருப்பார்.

பெரிய அலமாரியில் தொடங்க வேண்டாம். ஒரு முக்காலி போதும். ஈயப் பெயின்ட் இல்லாத வெறும் மரமாகப் பார்த்து வாங்கி, பிள்ளைகள் கையில் உப்புத்தாளைக் கொடுங்கள். தன் கையால் தேய்த்துப் பாலிஷ் போட்ட முக்காலியை எந்தப் பிள்ளையும் காலால் உதைத்துத் தள்ளாது. உழைப்பின் அருமையை அதற்குமேல் நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது.