பெற்றோல் செட்டில் ஜெயிக்கிற ரேஸ்

2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேர கார் ரேஸில் அஜித்குமார் அணி 991 பிரிவில் மூன்றாமிடம் வந்தது. அதுக்குப் பிறகு எங்க தோட்டத்துல ரேஸ் பற்றிப் பேசாத பொடியனே இல்லை. எல்லாம் வேகத்தைப் பற்றின பேச்சுதான். எங்களுக்கு என்னவோ, கார் நின்ன நேரத்தைப் பார்க்கிறதுலதான் சுவாரஸ்யம் இருந்தது.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு நடக்கிற மஹகஸ்தோட்ட மலையேற்ற ரேஸைப் பார்த்த கண்ணுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். அங்க ஏறினா கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், வழியில பெற்றோல் அடிக்கிற கதையே இல்லை. 24 மணி நேரம்னா 1440 நிமிஷம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிக்க வேண்டிய கார்னு வைச்சுக்குவோம், பதினைஞ்சு தடவை நிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் மிச்சம் பிடிச்சாலே கால் மணித்தியாலம் கையில. டேங்க்கை எப்பவும் நிரப்பி ஓடலாமேன்னா, 100 லீட்டர் பெற்றோல் ஏறக்குறைய 75 கிலோ. ஒரு ஆளை ஏத்திக்கிட்டு ஓடுற மாதிரி. டயர் தேயும், பிரேக் சூடாகும்.

இந்த ரேஸ் தொடர்ல இன்னொரு விசேஷம், சொந்த இடத்துல பெற்றோல் அடிக்கிற வழக்கம் இல்லை. எல்லா அணிக்கும் பொதுவான பம்ப். அதாவது செட். செட்னா வரிசை இருக்கும்தானே! விபத்து நடந்தா 'கோட் 60' போடுவாங்க, எல்லாரும் மணிக்கு 60 கிலோமீட்டர்லதான் போகணும். அந்த நேரம் பெற்றோலுக்கு ஒதுங்கினா நஷ்டம் குறைவு. ஆனா அந்தப் புத்தி எல்லாருக்கும் ஒரே நேரத்துலதானே வரும். 2022 ஜூன்ல "பவுசர் வருதாம்"னு யாரோ சொல்ல ஹட்டன் டவுனே செட்டுக்கு ஓடினது ஞாபகம் வருது.

அந்த ஜூன் கடைசியில பெற்றோல் லீட்டர் 470 ரூபா. ஜூலையில கியூஆர் வந்தப்ப ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர். சமதரையில ஓடுறவனுக்கே பத்தாத 5 லீட்டர், எங்க ஏத்தத்துல எத்தனை நாளைக்கு?

எங்க டிவிஷன்ல மூணு ஓட்டோ. நம்பர் பிளேட்டோட கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் பெற்றோல் நாள் குறிச்சாங்க. மூணுக்கும் இலக்கம் வேற வேற. மாமாமார் மூணு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க: எந்த ராத்திரியும் ஒரு வண்டியிலயாவது ரெண்டு லீட்டர் இருக்கணும், அதைத் தொடக்கூடாது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் வர அது போதும். ரெண்டு கார் வைச்சிருக்கிற ரேஸ் அணி ரெண்டையும் ஒரே நேரத்துல பெற்றோலுக்கு விடாது. எங்க மாமாமார் எந்த ரேஸும் பார்த்ததில்லை.

இறக்கத்துல கூட எஞ்சினை நிப்பாட்டாம வர்றதா வேண்டாமாங்கிறதுல மட்டும் அவங்களுக்குள்ள கடைசி வரை ஒத்துப்போகல. நிப்பாட்டினா பெற்றோல் மிச்சம், ஆனா எஞ்சின் பிடிப்பு இல்லாம முழுப் பாரமும் பிரேக் மேலதான். நோர்வூட் வளைவுல, மழையில, அது விளையாட்டில்லை.

இதையெல்லாம் "மலையக மக்களின் சமாளிக்கும் திறமை"ன்னு பாராட்டி எழுதினவங்க மேல எங்களுக்கு இன்னும் கடுப்புத்தான். ரேஸ்காரர் தட்டுப்பாட்டை ஆசைப்பட்டு வாங்கிக்கிறார். பிடிக்கலன்னா இறங்கிப் போகலாம். அஜித்தே பயிற்சியில கார் சுவர்ல மோதின பிறகு, தன் அணியோட கார்ல ஓட்டுறதுல இருந்து ஒதுங்கிக்கிட்டார், நல்ல முடிவு. பிரசவ வலியில இருக்கிற அக்காவை ஏத்தின ஓட்டோவுக்கு ஒதுங்க எங்க இடம்?

2023 செப்டம்பரோட கியூஆர் போயிருச்சு. மாமா அந்தக் கொப்பியை இன்னும் சீட்டுக்கு அடியில வைச்சிருக்கார். 2022 ஆகஸ்ட்ல ஒரு கிழமை, 5 லீட்டருக்கு நேரே ஏழு ஓட்டம் எழுதியிருக்கு. அதுல மூணுக்குக் கூலி எழுதாம கோடு மட்டும் போட்டிருக்கார்.