ஒக்கன்பிளேயில் ஒரு வாரம்

ஸ்கொட்லாந்துக்கு விடுமுறையில் செல்பவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டையையும் நெஸ் ஏரியையும் பார்த்துத் திரும்புவர். லண்டனில் வாழும் எங்கள் மகளும் அவற்றுக்கே ஏற்பாடு செய்ய எண்ணியிருந்தாள். நான் ஒக்கன்பிளே என்னும் சிற்றூரின் பெயரைச் சொன்னேன். "அங்கே என்னப்பா இருக்கிறது?" என்று கேட்டாள். "நமது தேயிலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. 2023 ஜூலையில் ஒரு வாரத்துக்கு வீடொன்றை எடுத்துத் தந்தாள்.

எடின்பரோவில் நாங்கள் ஏறிய புகையிரதம் அபர்டீன் செல்வது. வழியில் டே ஆற்றின் அகன்ற முகத்துவாரம் வருகின்றது. 1879 டிசம்பர் 28ஆம் திகதி இரவு, புயலில் பழைய பாலம் சரிந்து, அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த புகையிரதமும் ஆற்றில் வீழ்ந்தது. அப்பாலத்தின் தூண் அடிகள் இன்றும் புதிய பாலத்தின் அருகே வரிசையாக நீருக்கு மேலே தெரிகின்றன. விபரத்தைச் சொன்னபோது, கரை சேரும்வரை என் மனைவி யன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

லோரன்ஸ்கேர்க்கில் இறங்கினோம். 1967இல் மூடப்பட்டு, 42 ஆண்டுகளின் பின் 2009இல் மீண்டும் திறக்கப்பட்ட நிலையம் அது. அங்கிருந்து ஐந்தாறு மைல் தூரம் வாடகைக் காரில். இருபுறமும் பார்லி வயல்கள். எதிரே நீல மலைகள். சரிவில் இறங்கும் ஒரு தெரு, அதன் இருமருங்கிலும் கல் வீடுகள், கீழே ஒரு சிற்றாறு. ஊர் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் திறப்பைப் பூச்சட்டியின் கீழ் வைத்திருந்தார். மேசையில் பால், ஷோர்ட்பிரெட் பிஸ்கட், தேயிலைப் பைகள். வாசற்கதவில் இலக்கம் இல்லை; வீட்டின் பெயரே எழுதப்பட்டிருந்தது. 'ஓடைக்கரை' என்று பொருள்படும் பெயர். அயல் வீடுகளுக்கும் அவ்வாறே. இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மூதாட்டி, நாங்கள் இலங்கையர் என்றறிந்ததும், "சிலோனா? எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அங்கே வந்தானே" என்றார், நேற்று நடந்ததுபோல.

அந்தப் பையன் ஜேம்ஸ் டெய்லர். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரின் மகனாக 1835இல் இவ்வூரின் அருகே பிறந்தவர். 1851இல், பதினாறு வயதில், இலங்கைக்குக் கப்பலேறினார். கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில் கோப்பியை அழிக்கும் இலை நோய் வந்தது. கோப்பி வீழ, தேயிலை எழுந்தது. டெய்லர் ஊர் திரும்பவேயில்லை. 1874இல் தேயிலை பற்றி அறிய டார்ஜிலிங் சென்றதே அவர் எடுத்த ஒரே விடுமுறை என்பர்.

துரைமார் தாம் பிரிந்த ஊர்களின் பெயர்களை நமது மலைகளுக்கு இட்டனர். அக்கரப்பத்தனையில் பல்மோரல், கிளாஸ்கோ; தலவாக்கலையில் ஹொலிறூட்; கினிகத்தேனை அருகே அபர்டீன் நீர்வீழ்ச்சி. இங்கே தெரியும் மலைகளுக்கு அப்பால் இருக்கின்றது அசல் பல்மோரல் மாளிகை. எனக்கோ அப்பெயரைக் கேட்டால் கொழுந்துக் கூடைகளும் லயங்களுமே நினைவில் வருகின்றன.

1892இல் டெய்லர் இறந்தபோது, பருத்த அவ்வுடலை 24 பேர், பன்னிருவராக முறை மாற்றி, கண்டி மகியாவ மயானத்துக்குச் சுமந்தனர் என்று எழுதியுள்ளனர். தொழிலாளர்கள் அவரைச் 'சாமித் துரை' என்று அழைத்துப் பின்தொடர்ந்தனராம். கல்லறையில் அவரது பெயர் உண்டு. சுமந்தவர்களின் பெயர்களை நான் எங்கும் வாசித்ததில்லை. அம்மக்களின் சந்ததியினரே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையை இழந்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மகள் அனுப்பிய என் மருந்துப் பொதியுடன் தபாற்காரர் நின்றார். ஒரு வாரம் தங்க வந்தவனை, வீட்டின் பெயரைக் கொண்டே தேடி வந்துவிட்டது பொதி.

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் தோட்டத்து இளைஞர்களின் கடிதங்கள் எனக்கு வருவதுண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்த பின்னரே கைக்குக் கிடைத்தது என்று எழுதியவர் பலர். லயத்து வீடுகள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்துப் பொது முகவரிக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் செல்கின்றன. ஐந்து தலைமுறையாக ஒரே மலையில் வாழும் குடும்பத்தின் நிலை இது. காணியுரிமை, சம்பளம் ஆகியவை பற்றி நிறையவே எழுதியாயிற்று. அவற்றுக்குப் பணமும் பேச்சுவார்த்தையும் தேவை என்பர். கதவுக்கு ஓர் இலக்கமிடுவதற்கு ஒரு சட்டி வர்ணமும் சிறிது மனமும் போதும்.