கூட்டுக்குள் கூடு

டிஐ-84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டரில் ஒரு இன்டெக்ரலுக்குள் இன்னொரு இன்டெக்ரலைப் போட்டால் விடை வராது. ‘இல்லீகல் நெஸ்ட்’ என்று பிழைச் செய்திதான் வரும். சட்டவிரோதக் கூடு!

அக்கா மகள் அமெரிக்காவில் கல்லூரியில் கால்குலஸ் படிக்கிறாள். “மாமா, இவ்ளோ காசு குடுத்து வாங்கினது, ஒரு டபுள் இன்டெக்ரல் போட மாட்டேங்குது” என்று போனில் அலுத்துக்கொண்டாள். நாங்கள் பரீட்சைக்கு எடுத்துப்போன காசியோ 991-உம் போடாதுதான். “உள்ளே இருக்கறதைக் கையால போடு. வெளியே இருக்கறதை மட்டும் அதுகிட்ட குடு” என்றேன்.

இரட்டைத் தொகையீடு ஒன்றும் மர்மமில்லை. தரையில் ஒரு பரப்பு, மேலே மேடுபள்ளமான கூரை. நடுவில் எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி. ரொட்டி மாதிரி துண்டு போடுகிறோம். ஒரு துண்டின் பரப்பு உள் இன்டெக்ரல், துண்டுகளைக் கூட்டுவது வெளி இன்டெக்ரல். கால்குலேட்டர் இதைச் சில புள்ளிகளில் மதிப்பெடுத்து, எடை போட்டுக் கூட்டிச் செய்கிறது. டிஐ-84 பயன்படுத்தும் முறைக்கு காஸ்-குரோன்ராட் என்று பெயர். வெளியே 15 புள்ளி, உள்ளே 15 புள்ளி என்றால் 225 கணக்கு. என் தொழிலில் இது ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப், அவ்வளவுதான். 1998-இல் வந்த டிஐ-89 இதைப் போட்டுவிடும். ஆகவே தடை அந்த மாடலுடையது, கணிதத்துடையது அல்ல.

ஆனால் அந்தத் தடையால் ஒரு நன்மை உண்டு. நம் ஊர் என்ஜினீயரிங் முதலாண்டில் எல்லாரும் பார்த்த கணக்கு: எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, உள்ளே ஈ-யின் அடுக்கு ஒய் ஸ்கொயர். இதை ஒய்-க்கு முதலில் போட எந்தச் சூத்திரமும் உதவாது. பேப்பரில் முக்கோணத்தை வரைந்து வரிசையை மாற்றினால், எக்ஸ் 0 முதல் ஒய் வரை. உள்ளே வெறும் ஒய் முளைக்கும், கணக்கு தானாக அவிழும். விடை 0.859. கூடு கட்டத் தெரிந்த கால்குலேட்டரும் இதே எண்ணைத் தரும். ஆனால் முக்கோணத்தை வரைந்திருக்க மாட்டோம்.

ரொட்டியை எந்தப் பக்கம் அறுத்தாலும் மொத்த ரொட்டி அதேதானே? அதனால்தானே வரிசையை மாற்றுகிறோம்? இங்கேதான் விஷயம். 0 முதல் 1 வரையான சதுரத்தில் இந்தப் பின்னத்தை எடுங்கள். மேலே எக்ஸ் ஸ்கொயரிலிருந்து ஒய் ஸ்கொயரைக் கழித்தது. கீழே அவ்விரண்டின் கூட்டலுடைய வர்க்கம். ஒய்-க்கு முதலில் கையால் போட்டால், 1-ஐ ‘1 கூட்டல் எக்ஸ் ஸ்கொயர்’ வகுத்தது கிடைக்கும். அதை டிஐ-84-இடம் கொடுத்தால் 0.7854, அதாவது பையில் கால்பங்கு. எக்ஸ்-க்கு முதலில் போட்டால் மைனஸ் 0.7854. ஒரே ரொட்டி, இரண்டு அளவு!

காரணம் சதுரத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. எக்ஸும் ஒய்யும் பூஜ்யத்தை நெருங்கும் அந்த இடத்தில், ஒருபக்கம் முடிவில்லாத மேடு, மறுபக்கம் முடிவில்லாத பள்ளம். எதை எந்த வரிசையில் கழிக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. வரிசை எப்போது பொருட்டில்லை என்பதற்கு குய்டோ ஃபுபினி 1907-இல் நிபந்தனை சொன்னார்: மைனஸ் குறிகளையெல்லாம் நீக்கிவிட்டுக் கூட்டினாலும் மொத்தம் முடிவுள்ளதாக இருக்க வேண்டும்.

இரண்டு விடைகளையும் கால்குலேட்டர் ஒரே நிதானத்துடன் காட்டும். நாம் எழுதும் மென்பொருளும் அப்படித்தான். டெஸ்ட் பாஸ் ஆச்சு, எண் வந்தது, டிக்கெட்டை மூடியாச்சு. கேட்ட வரிசைக்கு விடை சரியாகவே இருக்கும். அந்த வரிசையில் கேட்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த மாடலிலும் பட்டன் கிடையாது. மூலையில் என்ன இருக்கிறது என்று நாம்தான் எட்டிப்பார்க்க வேண்டும்.