கோபுர ஊரும் குன்று ஊரும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கொழும்பிலிருந்து கண்டிக்கும் கண்டியிலிருந்து கொழும்புக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்வருவது நம்மவர்களின் வழக்கம். கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டும். கொழும்புப் பிள்ளைகளுக்கு மலை பார்க்க வேண்டும். போய்வந்தவர்களிடம் இரண்டு ஊரும் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "கொழும்பு உயரமான ஊர், கண்டி குளிரான ஊர்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள்.

குளிர் இருக்கட்டும். உயரத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கொழும்பில் பேரை வாவிக்கரையில் நிற்கும் தாமரைக் கோபுரத்தின் உயரம் 350 மீட்டர். அதன் அடிவாரம் ஏறக்குறையக் கடல் மட்டம்தான். கண்டி நகரமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் கண்டி வாவிக்கரையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு மூத்தம்மாவின் செருப்பு, தாமரைக் கோபுரத்தின் உச்சியை விட மேலே இருக்கிறது! மதரஸாவில் மாணவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு கடதாசியில் கழித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஆனாலும் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது கொழும்புதான். தட்டையான நிலத்தில் எது எழுந்து நின்றாலும் அது வானத்தில் கோடு போட்டுவிடும். ஒரு காலத்தில் அந்தக் கோட்டைப் போட்டவற்றில் ஒன்று நம்முடைய பள்ளிவாசல். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908ஆம் ஆண்டு தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை, சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் அழைப்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நிற்கும் அதன் மினாராக்களைக் கடலிலிருந்தே கண்டு, கொழும்பு வந்துவிட்டது என்று கப்பல்காரர்கள் அறிந்துகொண்டதாகச் சொல்வார்கள். அதைக் கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. முறையாகக் கட்டிடக்கலை படித்தவரல்லர் என்பது இன்னொரு வியப்பு.

இன்று அந்தப் பள்ளியைக் கடலிலிருந்து தேடிப் பிடிப்பது கஷ்டம். 1997இல் 40 மாடிகளுடன் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் திறக்கப்பட்டன. பிறகு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தாற்போல் 68 மாடிகளோடு அல்டெயர் எழுந்தது. தாமரைக் கோபுரம் 2019இல் திறந்துவைக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்கு விடப்பட்டது. நிலம் போதாதென்று கடலையே நிரப்பி 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் அமைத்திருக்கிறார்கள். காலிமுகத்திடலில் நின்று இஸ்ஸோ வடை தின்றபடி பார்த்தால், ஊரைக் காட்டும் அடையாளம் எது என்று சொல்லத் தெரியாத அளவுக்கு அடையாளங்கள்.

கண்டிக்குப் புகையிரதத்தில் வருவதுதான் சிறப்பு. 1867இல் போட்ட பாதை அது. கொழும்பிலிருந்து வருபவர்கள் வலப்பக்க ஆசனத்தில் இருந்துகொள்ளுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் பள்ளத்தாக்கு திறந்து, பட்டலேகல என்னும் தட்டைத் தலைப் பாறை வெகுநேரம் கூடவே வரும். கொழும்பின் வானக்கோடு மனிதன் போட்டது. இந்தப் பக்கத்து வானக்கோடு படைத்தவன் போட்டது என்று அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

கண்டியில் இறங்கினால் கட்டிடங்களை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், ஒரு பக்கம் உடவத்தைக்காடு, நடுவே கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியதுபோல வாவி. 1807இல் இந்த வாவியை அமைத்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதைச் சுற்றி அலையலையாக ஒரு சுவரும் எழுப்பினான். சிங்களத்தில் வலாகுளு பம்ம, அதாவது மேகச் சுவர் என்று பெயர். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்ததே. மேகச் சுவர் முடிவதற்குள் 1815 வந்தது, இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்றும் அந்தச் சுவர் குறையாகத்தான் நிற்கிறது.

1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகரமாக்கியது. பழைய நகர்ப்பகுதியில் நினைத்த உயரத்துக்குக் கட்ட முடியாது என்று நம் வியாபாரிகள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. மலைகள் சூழ்ந்த ஊரில் கட்டிடம் மலையை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை மக்கா போய்வந்த ஹாஜிமார்களிடம் கேளுங்கள். முன்பு போனவர்கள் ஹரமைச் சுற்றி நின்ற மலைகளை வருணிப்பார்கள். 2012இல் 601 மீட்டர் மணிக்கூட்டுக் கோபுரம் முடிந்த பிறகு போனவர்கள் மணிக்கூட்டைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கண்டியின் வானக்கோட்டில் பைரவகந்தைக் குன்றின் வெள்ளைப் புத்தர் சிலை தூரத்திலிருந்தே தெரியும். நம் பள்ளிவாசல்கள் அப்படித் தெரிவதில்லை. மீரா மகாம், கட்டுக்கலைப் பள்ளி, லைன் பள்ளி எல்லாம் தெருக்களோடு தெருக்களாக இருக்கின்றன. அது பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களைத் துரத்தியபோது இடங்கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். மன்னர் காலத்தில் நம் முன்னோர் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் இருந்து, தவளம் மாடுகளில் உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றினார்கள், பாக்கைக் கீழே இறக்கினார்கள். உயரத்தால் வந்த உறவல்ல அது.

இனி இந்த மலைகளைப் பற்றி வீட்டிலுள்ளவர்கள் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வாவிக்கு மேலே ஆதர்ஸ் சீட் என்ற பார்வைத் தளத்துக்கு ஏறிப் பாருங்கள். நகருக்குள் கட்டிடம் உயரவில்லையே தவிர, வீடுகள் மலையில் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் முற்றம். நகரத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் இதே கதைதான். சரிவை வெட்டித் தட்டையாக்கி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி, அதன் மேல் கட்டுகிறார்கள்.

மலைக்கு இது பொறுக்காது. பின்பக்கம் நெட்டுக்குத்தாக வெட்டினால் மேலேயுள்ள மண்ணுக்கு முட்டு இல்லாமல் போகிறது. நீர் வடியும் வழியை மதில் அடைத்துவிட்டால் மழை நீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்கி, இளக்கிவிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி கொட்டிய மழையில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மௌத்தானார்கள். மிக அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. ஒருவரும் மண் வெட்டாத சரிவுகளும் அந்த மழையில் இறங்கின என்பது உண்மை. அப்படியிருக்க, வெட்டிய சரிவை என்னவென்று சொல்வது?

ஏன் மலையை வெட்டுகிறோம்? காணி விலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாம் வெளியே பேசுவதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது, "வீடு உண்டா?" என்ற கேள்வி. கிழக்கிலங்கை அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்திலும் அது இருக்கிறது. மூன்று பெண்களைப் பெற்ற வாப்பா எங்கே போவார்? தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவை ஒவ்வொரு படியாக வெட்டுவார். மார்க்கம் மஹரைக் கொடுக்கச் சொல்லியிருக்க, வீட்டைக் கேட்டு வாங்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி மிம்பரில் எத்தனை முறை சொன்னாலும், மண்ணின் கனம் பற்றி அங்கே யாரும் சொல்வதில்லை.

வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்கள். ஆகவே அறிகுறிகளை முதலில் காணப்போவதும் நீங்கள்தான். முற்றத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு ஓடுகிறதா? கொல்லையிலுள்ள மரமோ மின்கம்பமோ சாய்ந்து வருகிறதா? இதுவரை நீர் வராத இடத்தில் ஊற்று கிளம்புகிறதா? இருந்த ஊற்று திடீரென வற்றியதா, சேறாக வருகிறதா? அடைமழை நேரத்தில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், வீட்டில் ஆண்கள் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுங்கள். நகையும் உடுப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலைச்சரிவில் கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுப்பதும் அவர்களே. நிக்காஹ் பேச்சில் காணி உறுதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார், அந்த அறிக்கை எங்கே என்று கேட்டதாக இதுவரை என் காதில் விழவில்லை.