கும்பகோணத்தானின் ஞாபகசக்தி

1994 ஏப்ரல். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூமுக்கு மூணு பேர். அதில் கும்பகோணத்தானோடு எனக்கு நாலு மாசமாகப் பேச்சு கிடையாது. காரணம், ஒரு பிளாஸ்டிக் பக்கெட். விவரம் கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை ஜுரம். மறுநாள் மார்பில் நீர்க்கொப்புளங்கள். "அம்மைப்பா!" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், மூணாவது ரூம்மேட் பெட்டியோடு தாம்பரம் சித்தப்பா வீட்டுக்கு எஸ்கேப். மேனேஜர் வாசலிலேயே நின்று, "ஊருக்குப் போயிடுங்களேன் சார்" என்றார். பஸ் ஏறினால் பஸ்ஸுக்கே தானம் பண்ணின புண்ணியம் கிடைக்கும். எங்கே போவது?

அப்போது இளநீரோடு வந்து நின்றான் கும்பகோணத்தான். "எனக்கு ஆறு வயசிலேயே வந்தாச்சு. படுடா."

எதிர் கிளினிக் டாக்டர்தான் விளக்கினார். கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வருகிற வெள்ளை அணுக்கள் லத்தி சார்ஜ் போலீஸ் மாதிரி. யார், எவர் என்றெல்லாம் விசாரிக்காது. உடம்பைச் சூடேற்றும்படி மூளைக்குத் தகவல் அனுப்புவதும் அவைதான். நான் கிருமி மேல் பழிபோட்ட ஜுரம் என் சொந்தத் தயாரிப்பாம்!

அப்புறம் ஸ்பெஷல் பிராஞ்ச். டி அணுக்கள், கிருமி குடியேறிய செல்லையே காலி பண்ணும். பி அணுக்கள், அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். முதல் தடவை அளவெடுக்கவே பல நாள். நம் ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். அதற்குள் நாம் படுத்துவிடுகிறோம்.

சண்டை முடிந்ததும் பெரும்பாலான சிப்பாய்கள் செத்துப்போவார்கள். சிலர் மட்டும் எதிரியின் முகத்தை மறக்காமல் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். கும்பகோணத்தான் உடம்பில் இருபது வருஷமாக அந்தக் காவல்! அதனால்தான் பத்து நாளும் என் பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தான். தலைக்குத் தண்ணீர் விட்டதும் அவன்தான். அதே பக்கெட்டில்.

போன மாசம் அவன் மனைவி போன் பண்ணினார். அவனுக்கு விலாவில் அக்கி. சின்ன வயசில் வந்த அம்மைக் கிருமியேதான். வெளியே போகாமல் முதுகுத்தண்டு ஓரமாக நரம்பில் பதுங்கியிருந்து, வயசாகிக் காவல் தளர்ந்ததும் தலைகாட்டுகிறது. மருமகள் பிள்ளையாண்டிருக்கிறாள், அம்மை வந்ததில்லை. அக்கிக் கொப்புளத்திலிருந்து அவளுக்கு அம்மை தொற்றலாம். எனவே அவளை அழைத்துக்கொண்டு மாமியார் வெளியூர் கிளம்பிவிட்டார். இவன் வீட்டில் தனியாக.

ராத்திரி பஸ்ஸில் கும்பகோணம் கிளம்பினேன். கையில் இளநீரோடு என்னைப் பார்த்தவன், வலியோடு எழுந்திருக்கப் பார்த்தான்.

"எதுக்குடா இவ்வளவு தூரம்?"

"எனக்குத்தான் தொண்ணூத்தி நாலுலயே வந்தாச்சே. படுடா!"