முன்னும் பின்னும்

காவிரிக் கடைமடை ஊரில் ஒரு லுத்தரன் கோயில். இன்று திருவிருந்து ஆராதனை. ஆல்டர் படியில் வரிசையாக முழங்காலிட்டிருக்கிறார்கள். ஐயர் அப்பம் கொடுத்துக்கொண்டே நகர, பின்னால் பாத்திரம் வருகிறது. ஒருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைச் சற்றே திருப்பி, அடுத்தவர் உதட்டருகே பிடிக்கிறார்கள்.

நர்ஸ் சிஸ்டர் அப்பத்தோடு எழுந்துவிடுகிறார். பெங்களூர்ப் பையன் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து வாயில் போடுகிறான். ஓய்வுபெற்ற வாத்தியார் கண்ணை மூடி நிதானமாக ஒரு மடக்கு குடிக்கிறார். காலனியிலிருந்து வந்த பாட்டி முழங்காலிட்டதும், பட்டு வேட்டிக்காரர் ஒருவர் மெல்ல எழுந்து, பாத்திரம் முதலில் வரும் ஓரத்துக்கு மாறிக்கொள்கிறார்.

ஆராதனை முடிந்து சபைச் சங்கம் கூடுகிறது. ஆளுக்கொரு சின்னக் குப்பி வேண்டும் என்பது சிஸ்டர் கட்சி. மாதிரிக்கு ஒன்றை மேசையில் வைக்கிறார். இருமல் மருந்து மூடி அளவுதான் இருக்கிறது.

"2020ல கொரோனா வந்தப்ப நிறுத்தினோமே ஐயரே, அப்ப விசுவாசமா குறைஞ்சுபோச்சு?"

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "குருக்கள் மட்டும் குடிச்ச பாத்திரத்தைச் சபையாருக்கும் கொடுக்கணும்னு 1530லயே ஆக்ஸ்பர்க் அறிக்கையில 22ஆம் பிரிவா எழுதி வெச்சிருக்கு. போராடி வாங்கினதும்மா!"

"கொடுக்கச் சொல்லிச்சு சார். ஒரே பாத்திரத்துலன்னு சொல்லிச்சா?"

வாத்தியார் குப்பியைக் கவிழ்த்துக் காட்டுகிறார். "ரசத்தோட கர்த்தரோட ரத்தமும் மெய்யாவே இருக்குன்னு சொல்ற சபை நாம. அடியில நிக்கிற சொட்டு எங்க போகும்? குப்பைத்தொட்டிக்கா?"

சிஸ்டரிடம் அதற்குச் சட்டென்று பதில் இல்லை. வாசற்படியில் இருந்த பாட்டி எட்டிப் பார்க்கிறார்.

"எங்க தாத்தா காலத்துல சாதிக்காரங்க குடிச்சு முடிச்ச பெறகுதான் எங்களுக்கு வரும். அப்ப கிருமிப் பேச்சே கெடையாது. எதுல வேணாக் குடுங்க ஐயரே. முன்ன பின்னங்கறத மட்டும் மறுபடி ஆரம்பிச்சுடாதீங்க."

பாட்டி சொல்வது பழங்கதை இல்லை. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய நாள்தொட்டுக் கூடவே வரும் வழக்கு. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சாதி பார்க்காமல் ஒன்றாகத் திருவிருந்துக்கு வரச் சொன்னபோது, லுத்தரன் மிஷனரிகள் வளர்த்த தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பலர் கோயிலைவிட்டே விலகினார்கள். 1850களில் லுத்தரன்களின் லைப்சிக் மிஷனுக்குள்ளும் சாதிக் கேள்வி மிஷனரிகளைப் பிரித்தது.

கடைசியில் பாத்திரமும் இருக்கட்டும், குப்பியும் இருக்கட்டும் என்று முடிவாகிறது. குப்பிக்கு முதலில் கை தூக்கியவர் சிஸ்டர். அடுத்தவர் பட்டு வேட்டிக்காரர். இரண்டு கைக்கும் "சுகாதாரம் கருதி" என்று ஒரே காரணம் மினிட் புத்தகத்தில் ஏறுகிறது. சிஸ்டர் விஷயத்தில் அது உண்மைதான்.